காபூலில் ஆங்கிலம் கற்பித்த சையத் முஜ்தபா அலி

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் நோக்கிச் செல்லும் பெருவழியில் அனுமந்தன்பட்டியைக் கடப்போர் கண்ணில் முதலில் படுவன திராட்சைப் பந்தல்களே. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் இம்மண்ணில் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுவதும் பழுக்கின்றது. 2023ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திராட்சையின் அருமை நாம் அறியாததன்று. ஆதலின், வேற்று நாட்டிற்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற வங்காளத்து இளைஞர் ஒருவர், தம் பணியாள் பனிக்கட்டியின்மேல் உருட்டிக் குளிர்வித்துத் தந்த திராட்சையை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும் மறவாது எழுதிவைத்தார் என்னும் செய்தி, பிறரினும் நமக்கு நன்கு விளங்கும். அவ்விளைஞர் பின்னாளில் வங்க உரைநடையின் பேராசான்களுள் ஒருவராக மதிக்கப்பெற்ற சையத் முஜ்தபா அலி ஆவார்.

இப்பள்ளத்தாக்கில் பட்டம் பெற்ற இளைஞர் சிலர் மாலத்தீவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஆங்கில ஆசிரியராகச் செல்வதுண்டு. செல்லுமுன் சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் உண்டா, விடுமுறைக்கு விமானச் சீட்டுத் தருவார்களா என்றெல்லாம் அவர்கள் கேட்டறிகின்றனர். அந்நாட்டில் ஆள்பவர் யார், அவரைப் பற்றி ஓர் ஆசிரியன் எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்று கேட்பவர் குறைவு. முஜ்தபா அலியின் வாழ்க்கை அக்கேள்வியைச் சுமந்து நின்ற வாழ்க்கை. ஒரு முறை அன்று, இரு முறை அக்கேள்வி அவர்முன் வந்தது. முதல் முறை அவர் வாய்மூடி இருந்தார். இரண்டாம் முறை பேசினார். பேசியதற்கு விலையும் கொடுத்தார்.

அவர் 1904ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் கரீம்கஞ்சில் பிறந்தார். அன்று சில்ஹெட் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 1947இல் நாடு பிரிந்தபோது இந்தியாவின் பக்கம் நின்று அசாம் மாநிலத்தின் பகுதியாயிற்று. தந்தையார் சையத் சிக்கந்தர் அலி பத்திரப் பதிவுத் துறையில் அலுவலர். மார்க்கப் பற்றும் கல்விப் பற்றும் ஒருசேர அமைந்த குடும்பம் அது.

1919ஆம் ஆண்டு நவம்பரில் கவியரசர் தாகூர் சில்ஹெட்டுக்கு வந்து மாணவரிடையே உரையாற்றினார். மனிதனின் வேட்கை உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது உரையின் பொருள். கூட்டத்தில் இருந்த பதினைந்து வயதுச் சிறுவன் முஜ்தபா வீடு திரும்பியதும், எவரிடமும் சொல்லாமல், வேட்கையை உயர்த்திக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக் கவியரசருக்கே ஒரு மடல் விடுத்தான். விடை வந்தது! உலகப் புகழ் பெற்ற ஒருவர், முகமறியாப் பள்ளிச் சிறுவனுக்குத் தம் கைப்பட எழுதிய விடை அது. அம்மடலே அவனைச் சாந்திநிகேதனுக்கு இழுத்துச் சென்றது எனலாம். 1921இல் அங்குச் சேர்ந்து 1926இல் பட்டம் பெற்றார். விசுவபாரதியின் தொடக்ககால மாணவருள் அவர் ஒருவர். வடமொழி, அரபு, பாரசீகம், உருது, இந்தி, குசராத்தி, ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இத்தாலியம் என அவர் கற்ற மொழிகளின் பட்டியல் நீளும். ஆயினும் விசுவபாரதியின் பட்டத்திற்கு அந்நாளில் அரசின் ஏற்பு இல்லை. 1951இல்தான் அது மத்தியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. கையில் அரிய கல்வியும் செல்லாத சான்றிதழுமாக நின்ற அந்த இளைஞர், அலிகாரில் சிறிது காலம் பயின்றபின், 1927இல் ஆப்கானிஸ்தான் கல்வித்துறையில் வேலை ஏற்றுக் காபூலுக்குப் புறப்பட்டார். வயது இருபத்து மூன்று. காபூல் வேளாண்மைக் கல்லூரியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிப்பது பணி. மாதச் சம்பளம் இருநூறு ரூபாய்.

இந்திய முஸ்லிம் ஆசிரியர்கள் காபூல் சென்று கற்பிப்பது அதற்கு முன்பே தொடங்கிவிட்ட வழக்கம். 1903இல் அமீர் ஹபீபுல்லா கான் நிறுவிய ஹபீபிய்யா கல்லூரியில் இந்தியாவிலிருந்து சென்றவரே பெரும்பாலும் ஆசிரியர். அவர்களுள் தலையாயவர் பஞ்சாபைச் சேர்ந்த டாக்டர் அப்துல் கனி. அமீரின் தனியாட்சிக்கு மாற்றாக அரசியல் சட்டத்திற்கு உட்பட்ட ஆட்சி வேண்டும் என்று கருதிய ஆப்கானிய இளைஞரோடு அவர் தொடர்பு கொண்டிருந்தார் என்று 1909இல் சிறையிலிடப்பட்டார். உடன்பிறந்தார் இருவரும் அவரோடு சிறைப்பட்டனர். பத்தாண்டு கழிந்து, 1919இல் அமானுல்லா கான் அரியணை ஏறிய பின்னரே அவர் வெளிச்சத்தைக் கண்டார். கற்பிக்க அழைத்த அரசரே, கற்பித்ததன் பயன் மாணவர் உள்ளத்தில் முளைவிடக் கண்டதும் ஆசிரியரைச் சிறையில் வைத்தார். காபூலுக்குச் செல்லும் இந்திய ஆசிரியர் எவரும் இக்கதையை அறியாமல் இருந்திருக்க இயலாது.

ஹவுராவிலிருந்து பெஷாவர் வரை புகைவண்டி. அங்கிருந்து கைபர் கணவாய் வழியே, உடலை உலுக்கியெடுக்கும் பேருந்து. பெஷாவரில் முன்பின் அறியாத பட்டாணியர் ஒருவர் வீட்டில் விருந்தினராகத் தங்கியதையும், அங்கே காலம் என்பதற்கே மதிப்பில்லாமல் உரையாடல் நீண்டதையும், கணவாயின் வெப்பத்தையும், ஜலாலாபாத்தின் சோலைகளையும் முஜ்தபா அலி விரித்துரைக்கும்போது சிரிக்காமல் படிக்க முடியாது. பிறரை எள்ளி நகையாடாது, தம்மையே நகைப்பொருளாக்கிக்கொள்ளும் நகைச்சுவை அவருடையது. இந்த நாட்களின் வரலாறு முழுவதையும் தேசே பிதேசே என்னும் நூலில் அவர் எழுதினார். 1948இல் கொல்கத்தாவின் தேஷ் இதழில் தொடராக வந்தபோது வங்கம் முழுவதும் அதற்காகக் காத்திருந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015இல் வெளிவந்தது.

காபூல் நகருக்குச் சற்று அப்பால் காஜா முல்லா என்னும் சிற்றூரில் அவருக்கு வீடு கிடைத்தது. வீட்டோடு ஒரு பணியாளும் வந்து சேர்ந்தான். பஞ்சஷீர்ப் பள்ளத்தாக்கினன், பெயர் அப்துர் ரஹ்மான், ஆறடிக்கும் மேற்பட்ட உயரமும் அதற்கேற்ற அகலமும் உடையவன். சமைப்பவன், துணி துவைப்பவன், காவலன் எல்லாம் அவன் ஒருவனே. முதல் நாள் இரவில் ஆறு பேர் உண்ணத்தக்க உணவை ஒருவர்முன் பரப்பிவிட்டு, குறைவாகப் போயிற்றோ என்று கவலையோடு நின்றான். உண்டு முடிந்ததும் பனிக்கட்டிமேல் குளிர்வித்த திராட்சை வந்தது. அவனைப் பொறுத்தவரை உலகில் சிறந்த ஊர் பஞ்சஷீர். அங்கே ஓர் ஆட்டை முழுதாக உண்டு, ஊற்று நீரைப் பருகி, மலைக்காற்றை உள்ளிழுத்தால் உடனே மீண்டும் பசிக்கும் என்பான். தன் ஊரின் பனிப்பொழிவை அவன் வருணிப்பதைக் கேட்டே முஜ்தபா அலி பாரசீகத்தின் பேச்சழகைக் கற்றார் போலும். ஏட்டில் கற்ற பாரசீகம் வேறு, பணியாளின் வாயில் வாழும் பாரசீகம் வேறு என்பதை மொழியாசிரியர் ஒருவர் உணர்ந்துகொண்ட இடம் அது.

காபூலில் அவர் தனித்திருக்கவில்லை. சாந்திநிகேதனில் அவருக்கு ஆசிரியராயிருந்த பிரெஞ்சுக்காரர் பெனுவாவும், உருசியப் பாரசீக அறிஞர் பொக்தானோவும் அங்கே வந்து சேர்ந்திருந்தனர். சாந்திநிகேதன் நண்பர் மௌலானா ஜியாவுத்தீனும் அங்கே பணியாற்றினார். பின்னாளில் இளவயதிலேயே ஜியாவுத்தீன் மறைந்தபோது தாகூர் இரங்கற்பா எழுதினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஓராண்டு நிறையுமுன்னரே முஜ்தபா அலியின் சம்பளம் முந்நூறு ஆயிற்று. அங்கே பணியாற்றிய பஞ்சாபி ஆசிரியர் சிலருக்கு இது பொறுக்கவில்லை. அரசு ஏற்பில்லாத ஒரு நிறுவனத்தின் பட்டம் பெற்றவருக்கு இத்துணைச் சம்பளமா என்று கல்வி அமைச்சரிடம் முறையிட்டனர். அமைச்சர் கூறிய விடை சுவையானது. உங்கள் சான்றிதழ்களில் பஞ்சாப் ஆளுநர் கையெழுத்து இருக்கின்றது. அவரை எங்களுக்குத் தெரியாது. எங்கள் சிறிய நாட்டிலேயே ஆளுநர்கள் பலர் உள்ளனர். ஆனால் இவ்விளைஞரின் சான்றிதழில் இருப்பது தாகூரின் கையெழுத்து, அவரோ கீழைநாடுகளின் முகத்தை உலகில் விளங்கச் செய்தவர் என்னும் கருத்துப்பட அவர் சொல்லி அனுப்பினாராம். பிரித்தானிய இந்தியாவில் செல்லாத சான்றிதழ் காபூலில் செல்லுபடி ஆயிற்று. இதில் மகிழ்ச்சியும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. ஓர் அமைச்சரின் ஒரு சொல்லால் உயரும் ஆசிரியன், இன்னோர் அமைச்சரின் ஒரு சொல்லால் வீழவும் கூடுமன்றோ? சட்டத்தால் அன்றி அருளால் நடக்கும் நாட்டில் ஆசிரியன் நிலை அத்தகையது.

அக்காலத்து ஆப்கானிஸ்தானை ஆண்ட அமானுல்லா கான் சாதாரணமானவர் அல்லர். 1919இல் ஆங்கிலேயரோடு பொருது தம் நாட்டின் முழு விடுதலையை ஏற்கச் செய்தவர். இந்திய முஸ்லிம்களின் உள்ளத்தில் அவருக்கு உயர்ந்த இடம் இருந்தது. 1927 டிசம்பரில் ஐரோப்பியப் பயணத்தின் தொடக்கத்தில் அவர் பம்பாய்க்கு வந்தபோது மக்கள் திரண்டு வரவேற்றனர். பள்ளிகள் திறந்தார், பெண் கல்விக்கு வழி செய்தார், பிரெஞ்சு, செருமன் ஆசிரியர்களை அழைத்துப் புதுக்கல்லூரிகள் கண்டார். ஆயினும் அவர் ஆட்சி தனியாட்சியே. 1926இல் அமீர் என்னும் பட்டத்தை விடுத்துப் பாதுஷா என்று தம்மை அழைத்துக்கொண்டார். நாட்டில் நன்மை நடந்தாலும் அது ஒருவர் ஆணையால் நடந்தது. தீமை நடந்தாலும் அவ்வாறே.

1928 கோடையில் ஐரோப்பாவிலிருந்து அவர் திரும்பிய பிறகு ஆணைகள் மழையெனப் பொழிந்தன. காபூல் தெருக்களில் நடப்போர் தெரேஷி எனப்பட்ட மேனாட்டு உடையும் தொப்பியும் அணிய வேண்டும், மீறினால் தண்டம். மலைநாட்டிலிருந்து பேரவைக்கு வந்த குலத்தலைவர்கள் தாடியும் தலைப்பாகையுமாக இருந்த தங்கள் உருவத்திற்குக் கறுப்புக் கோட்டும் கால்சட்டையும் இரவல் பெற்று அமர நேர்ந்தது. வார விடுமுறை வெள்ளியிலிருந்து வியாழனுக்கு மாற்றப்பட்டது. பெண்டிர் முகத்திரை நீக்கப்பட வேண்டும் என்று அரசர் பேசினார். மாணவியர் சிலரைத் துருக்கிக்கு அனுப்பினார். இவற்றுள் பெண்கல்வி போன்ற நல்லனவும் இருந்தன. கல்வி தேடுதல் ஆண் பெண் இருபாலார்க்கும் கடமை எனக் கொண்ட மார்க்கத்தில் அதற்குத் தடை ஏது? ஆயின் கல்வியையும் தொப்பியையும் ஒரே ஆணையில் கட்டியதுதான் பிழை. தொப்பியை வெறுத்த மக்கள் அதனோடு கட்டப்பட்டிருந்த கல்வியையும் வெறுத்தனர். படைவீரருக்குச் சம்பளம் குறைவு, சிற்றூர்களில் வரிச்சுமை மிகுதி என்னும் உண்மைகளோ அரண்மனையின் செவியில் விழவில்லை.

முஜ்தபா அலி இவற்றையெல்லாம் கண்டார். அரசர்மீது அவருக்கு அன்பு உண்டு. அவர் போக்கு கேட்டில் முடியும் என்னும் அச்சமும் உண்டு. நகரத்து நண்பர்கள் வீட்டில், கதவடைத்த அறைகளில், இது பற்றிப் பேச்சு நடந்தது. வகுப்பில் நடந்ததில்லை. வேற்று நாட்டான், அரசரின் சம்பளத்தில் வாழ்பவன், அப்துல் கனியின் கதையை அறிந்தவன் வேறு என்ன செய்ய முடியும்? அவரை இதற்காகக் குறை கூறுவோர் தாம் அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயினும் அந்த வாய்மூடல் அவர் உள்ளத்தில் ஒரு முள்ளாகத் தங்கியது என்றே யான் கருதுகின்றேன். இருபது ஆண்டுக்குப் பின் அவர் எழுதிய நூலில், அன்று சொல்ல இயலாதவற்றை எல்லாம் சிரிப்பின் ஊடே சொல்லித் தீர்த்திருக்கின்றார்.

1928 நவம்பரில் ஷின்வாரிக் குலத்தார் கிழக்கே கிளர்ந்தெழுந்தனர். டிசம்பரில் வடக்கேயிருந்து ஹபீபுல்லா என்பவன் தன் படையோடு காபூலைத் தாக்கினான். தந்தை துருத்தியில் நீர் சுமந்து விற்றவர் ஆதலின் பச்சாயே சக்காவ், அதாவது தண்ணீர்க்காரன் மகன், என்று அவனை அழைத்தனர். அரசர் நகர மக்களுக்குத் துப்பாக்கிகளை வாரி வழங்கினார். பெற்றவருள் பலர் அவற்றோடு மறைந்தே போயினர். அப்துர் ரஹ்மானும் ஒன்றைப் பெற்று வந்தான்; அவன் காத்தது அரசரை அன்று, தன் ஆசிரியரின் வீட்டை. 1929 ஜனவரி 14ஆம் நாள் அமானுல்லா அரியணையைத் தமையனார் இனாயத்துல்லாவிடம் விட்டுக் கந்தகாருக்குச் சென்றார். தமையனாரின் ஆட்சி மூன்றே நாள் நீடித்தது. பின்னர்க் காபூல் தண்ணீர்க்காரன் மகனின் கைக்கு வந்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. ஓர் அரசர் ஆணையால் திறந்தவற்றை இன்னோர் அரசன் ஆணையால் மூடினான். தாம் காபூல் வந்த பணியே இல்லாமற்போன ஆசிரியர் நிலையை என்னென்பது! சம்பளம் நின்றது. கடைத்தெரு வெறிச்சோடிற்று. விறகு இல்லை, உணவு அரிது, வெளியே பனி, தெருவில் கொள்ளையர். ஆறு பேருக்குச் சமைத்த அப்துர் ரஹ்மான் இப்போது இருவருக்கு ஒரு ரொட்டி தேடி அலைந்தான்.

பாதைகள் அடைபட்டமையால் வானமே வழி. பிரித்தானியத் தூதரகத்தின் முயற்சியால் 1928 டிசம்பர் 23 முதல் 1929 பிப்ரவரி 25 வரை வானூர்திகள் காபூலுக்கும் பெஷாவருக்கும் இடையே பறந்து 586 பேரை மீட்டன. பெருந்திரளான மக்களை வான்வழியே மீட்ட நிகழ்ச்சிகளில் இது முற்பட்டதென்று வரலாற்றாசிரியர் போற்றுவர். முஜ்தபா அலியின் நூலைப் படிப்போருக்கு அதன் மறுபக்கமும் தெரியும். தூதரகம் இந்தியரின் வரிப்பணத்தில் கட்டப்பட்டது. வானூர்திகள் இந்தியரின் பணத்தில் பறந்தவை. ஆனால் முன்னுரிமை வெள்ளையருக்கு, பட்டினியில் வாடிய இந்திய ஆசிரியர் வாயிலில் காத்திருக்க வேண்டும் என்று அவர் மனம் கொதித்து எழுதுகின்றார். நூல் முழுவதிலும் நகைச்சுவை அற்றுப்போகும் பகுதி இதுவே. ஆப்கானிய அரசரின் தனியாட்சியைக் கண்டு நொந்தவர், தம்மைக் குடிமகன் என்று சொல்லிக்கொண்ட பேரரசும் வேறொரு வகைத் தனியாட்சியே என்பதை அத்தூதரகத்து வாயிலில் கண்டார்.

ஒருவழியாக 1929இன் தொடக்கத்தில் அவருக்கும் ஜியாவுத்தீனுக்கும் இடம் கிடைத்தது. சிறியதொரு மூட்டைக்கே அனுமதி. நூல்களையும் குறிப்பேடுகளையும் விட்டுச் செல்ல நேர்ந்தது. அவற்றினும் பெரிதாக விட்டுச் சென்றது அப்துர் ரஹ்மானை. தன்னையும் அழைத்துச் செல்லுமாறு அவன் வேண்டினான், அது இயலாது. வானூர்தி மேலெழுந்தபோது கீழே விரிந்த வெண்பனியில் நின்று அப்துர் ரஹ்மான் தன் தலைப்பாகைத் துணியை அசைத்துக்கொண்டிருந்த காட்சியோடு நூல் முடிகின்றது. வங்க மொழி அறிந்தோரிடம் இந்நூலைப் பற்றிக் கேட்டால் அரசர் பெயரை மறந்தவர் உண்டு. அப்துர் ரஹ்மான் பெயரை மறந்தவர் இலர். காபூலைக் களமாக வைத்து 1960இல் அவர் எழுதிய ஷப்னம் என்னும் புதினத்திலும் அந்நாட்களின் காதலும் கலக்கமும் நிறைந்துள்ளன.

அடுத்த ஆண்டுகளை விரைந்து கடப்போம். செருமனியின் அம்போல்ட் உதவித்தொகை பெற்றுப் பெர்லினிலும் பானிலும் பயின்றார். கோஜா சமூகத்தாரின் தோற்றமும் சமய வாழ்வும் பற்றிய ஆய்வுக்காக 1932இல் பான் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்கியது. பின்னர்க் கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் கல்வி. அதன்பின் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடின் அழைப்பை ஏற்றுச் சமய ஒப்பியல் பேராசிரியராக அங்கே ஏறத்தாழ எட்டாண்டுப் பணி.

நாடு பிரிந்தது. சில்ஹெட் கிழக்குப் பாக்கிஸ்தானைச் சேர்ந்தது. புதிய நாட்டின் ஒரே அரசு மொழி உருது என்னும் பேச்சு எழுந்தது. முஸ்லிம் நாடு, ஆதலின் உருது. அதை மறுப்போர் மார்க்கத்திற்கும் நாட்டிற்கும் பகைவர் என்று அதிகாரத்தில் இருந்தோர் கூறினர். 1947 நவம்பர் 30ஆம் நாள், பாக்கிஸ்தான் பிறந்து நான்கு திங்களும் நிறையாத வேளையில், சில்ஹெட் முஸ்லிம் இலக்கியச் சங்கத்தில் முஜ்தபா அலி பேச எழுந்தார். கிழக்குப் பாக்கிஸ்தானின் அரசு மொழியாக வங்கமே இருத்தல் வேண்டும் என்றார். அவையில் கூச்சலும் தடையும் எழுந்தன, அவர் அமரவில்லை. இஸ்லாம் ஈரானுக்குச் சென்றது, ஈரானியர் பாரசீகத்தை விடவில்லை. துருக்கியருக்குச் சென்றது, அவர்கள் துருக்கி மொழியை விடவில்லை. மார்க்கம் ஏற்ற மக்கள் தத்தம் தாய்மொழியிலேயே அதை வளர்த்தனர் என்று வரலாற்றை எடுத்து வைத்தார். மக்கள் மீது வேற்று மொழியைச் சுமத்தினால் ஒருநாள் அவர்கள் கிளர்ந்தெழுந்து பிரிந்து போவர் என்றும் எச்சரித்தார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் வழிவந்த தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இவ்வாதம் புதிதன்று. அன்று சில்ஹெட்டில் அதைச் சொல்வதற்குத் துணிவு வேண்டியிருந்தது. ஜின்னா அவர்கள் டாக்காவுக்கு வந்து உருது மட்டுமே அரசு மொழி என்று அறிவித்தது அதற்குப் பின், 1948 மார்ச்சில்.

இவ்வுரையில் நான் காபூலைக் காண்கின்றேன். தலையில் தொப்பியை ஆணையால் வைக்கலாம். ஆணை நீங்கிய அன்றே தொப்பியும் நீங்கும் என்று கண்டு வந்தவர், நாவில் மொழியை ஆணையால் வைக்க முயல்வோரைக் கண்டு எவ்வாறு வாய்மூடி இருப்பார்? காபூலில் அவர் விருந்தினர். சில்ஹெட் அவர் பிறந்த மண். அங்கே காத்த மௌனத்தை இங்கே காக்க அவருக்கு உரிமை இல்லை என்று அவர் எண்ணியிருத்தல் கூடும்.

1949இல் போக்ராவின் ஆசிசுல் ஹக் கல்லூரி முதல்வர் ஆனார். சம்பளமும் பதவியும் மதிப்பும் சேர்ந்த இடம். ஆனால் மொழி பற்றிய அவரது கட்டுரை கொல்கத்தாவின் சதுரங்க இதழில் வெளியானபோது அரசு விளக்கம் கேட்டது. கல்லூரி மலரில் வந்த மாணவர் எழுத்துகளுக்கும் முதல்வரே பொறுப்பு என்று குற்றம் சுமத்தப்பட்டது. ஒரு கல்லூரி மலர்! நாம் இன்று கையில் ஏந்தியிருப்பதைப் போன்ற ஒன்று. அவர் தம் எழுத்தையும் மறுக்கவில்லை, மாணவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பதவியைத் துறந்து இந்தியாவுக்கு வந்துவிட்டார். காபூலிலிருந்து வானூர்தியில் தப்பியவர், இம்முறை தம் தாய்மண்ணிலிருந்தே வெளியேற நேர்ந்தது.

இந்தியாவில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவரை அரவணைத்தார். பண்பாட்டு உறவுகளுக்கான இந்தியக் குழுவின் செயலாளராகவும், அது வெளியிட்ட தகாஃபத்துல் ஹிந்த் என்னும் அரபு இதழின் ஆசிரியராகவும் பணியாற்றினார். அகில இந்திய வானொலி நிலையங்களில் இயக்குநராக இருந்தார். பின்னர்த் தாம் பயின்ற விசுவபாரதிக்கே ஆசிரியராய்த் திரும்பிச் செருமன் மொழியும் இஸ்லாமியப் பண்பாடும் கற்பித்தார். 1951இல் அவர் மணந்த ராபியா காத்தூன் அம்மையார் கிழக்குப் பாக்கிஸ்தானில் கல்விப் பணியில் இருந்தவர். மனைவியும் இரு மைந்தரும் அந்நாட்டில்; இவர் இந்நாட்டில். கடிதமும் கடவுச்சீட்டுமாக இருபது ஆண்டு கழிந்தது. மொழிக்காக அவர் கொடுத்த விலையில் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும். பதவி இழந்ததை எழுதுவோர் இதை எழுதுவதில்லை.

1952 பிப்ரவரி 21இல் டாக்காவில் மாணவர்கள் வங்கமொழிக்காகத் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். 1956இல் பாக்கிஸ்தான் அரசியல் சட்டம் வங்கத்தையும் அரசு மொழியாக ஏற்றது. 1971இல் வங்கதேசம் பிறந்தது. 1999இல் யுனெஸ்கோ பிப்ரவரி 21ஐ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. காபூலிலோ, 1929இல் மூடப்பட்ட பள்ளிகள் அவ்வாண்டு அக்டோபரில் நாதிர் கான் நகரைக் கைப்பற்றிய பின் மெல்ல மெல்லத் திறந்தன. பல தலைமுறை கடந்து, 2021இல் ஆட்சி மாறியபோது உயர்நிலைப் பள்ளி மாணவியருக்கு அவை மீண்டும் அடைபட்டன. தேசே பிதேசே நூலைப் பழைய கதை என்று ஒதுக்க இயலாதபடி காலமே செய்துவிட்டது.

வங்கதேசம் விடுதலை பெற்றபின் 1972இல் முஜ்தபா அலி டாக்காவுக்குச் சென்று குடும்பத்தோடு சேர்ந்தார். இறைவன் அவருக்கு அளித்த காலம் இரண்டு ஆண்டே. 1974 பிப்ரவரி 11ஆம் நாள், மொழித் தியாகியர் நாளுக்குப் பத்து நாள் முன்பாக, அவர் மறைந்தார். டாக்காவின் ஆசிம்பூர் மையவாடியில் அடக்கம் செய்யப்பெற்றார். 1952இல் வீழ்ந்த அபுல் பரக்கத்தின் அடக்கத்தலமும் அங்கேதான் உள்ளது. வங்கதேச அரசு பிப்ரவரி 21இன் பெயரால் வழங்கும் ஏகுஷே பதக்கம் 2005இல் அவர் பெயருக்கு அளிக்கப்பெற்றது.